உலான்பாத்தாரில் ஒரு விலைப்பலகை

வெளிநாடு சென்று மீள்கின்றவரிடம் நம்மவர் முதலில் கேட்பது, “அங்கே எதைக் கண்டீர்கள்?” என்பதன்று, “சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?” என்பதேயாகும். கற்றறிந்தோர் சிலர் இவ்வினாவைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அது குறைவான வினாவாகத் தோன்றுவதில்லை. அருங்காட்சியகத்தைக் காணாமல் திரும்பலாம், மலையேறாமலும் திரும்பலாம், உண்ணாமல் இருக்க இயலாது. ஒரு நாட்டு மக்களோடு பயணி நேர்நின்று பேசியே தீரவேண்டிய இடம் உணவுக்கடைதான். மங்கோலியத் தலைநகராகிய உலான்பாத்தாரில் நான் நான்கு நாள் உணவு தேடிய கதையை இங்கே எழுதுகின்றேன். அக்கதையில் எனக்குப் பெருமை தரும் பகுதி மிகச் சிறியது.

2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில், பள்ளி விடுமுறையின்போது இப்பயணம் நிகழ்ந்தது. இடைநிலைப் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், கோபிப் பாலைவனத்தை வரைபடத்தில் காட்டியே தம் வாழ்நாள் கழிந்துவிட்டதென்று நெடுநாளாக வருந்திக்கொண்டிருந்தார். அவர் துணைக்கு அழைக்க, நான் இசைந்தேன். சியோல் நகரில் வானூர்தி மாறி, 2021ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய விமான நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து நகருக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவில் பயணம். வழியெல்லாம் மரமற்ற குன்றுகள்; புல் அப்போதுதான் பச்சை பிடித்துக்கொண்டிருந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல், ஏறத்தாழ நம் கேமரன் மலையின் உயரத்தில் அமைந்த நகரம் அது. உலகத் தலைநகரங்களுள் மிகக் குளிர்ந்தது என்பர். நாட்டு மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அவ்வொரு நகரிலேயே வாழ்கின்றனர். ‘உலான்பாத்தார்’ என்றால் ‘செவ்வீரன்’ என்று பொருள். 1924இல் இட்ட பெயர்.

மறுநாளே நண்பர் கோபிக்குப் புறப்பட்டார். கரடுமுரடான பாதையில் வண்டியில் குலுங்கிச் செல்ல என் முழங்கால் உடன்படவில்லை. அவர் திரும்பும்வரை நகரிலேயே தங்குவதென்று முடிவு செய்தேன். விடுதியில் காலைச் சிற்றுண்டி மட்டுமே உண்டு. மற்ற இருவேளைக்கும் வெளியே செல்லவேண்டும்.

மங்கோலிய உணவைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும் என்று எண்ணியிருந்தேன். கோலாலம்பூர் விடுதியொன்றில் நடந்த ஆசிரியர் விருந்தில், பெரிய வட்ட இரும்புத் தட்டின்மேல் இறைச்சியையும் காய்களையும் புரட்டிப் புரட்டி வாட்டித் தந்தார்கள். ‘மங்கோலிய வாட்டல்’ என்று எழுதியும் வைத்திருந்தார்கள். அஃது மங்கோலியாவில் பிறந்ததே அன்று. 1951இல் தைவானின் தைப்பே நகரில் வூ சாவ்நான் என்னும் நகைச்சுவைக் கலைஞர் தம் கடையில் தொடங்கிவைத்த முறை அது. எங்கோ பிறந்த பிள்ளைக்கு எவருடைய பெயரையோ வைப்பது உணவுலகில் புதிதன்று. ஆனால் அந்த ஓர் இரவு விருந்தை நம்பி ஒரு நாட்டு உணவை அறிந்தவன்போல் வானூர்தி ஏறியது என் குற்றம்.

முதல் நாள் நண்பகலில் என்ஹ் தைவன் என்னும் அமைதிப் பெருஞ்சாலையில் நடந்தேன். சாலையின் இருபுறமும் கடைகள். ஒரே பெயர் மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டது. ஆங்கில எழுத்தில் வாசித்தால் ‘பெக்டோபா’ என்று வந்தது. இங்கொரு பெக்டோபா, அங்கொரு பெக்டோபா! எவரோ பெருஞ்செல்வர் நகரெங்கும் கிளை விரித்திருக்கிறார் என்று வியந்தவாறே சென்றேன். மாலையில் விடுதிப் பணியிலிருந்த இளைஞரிடம், “பெக்டோபா யாருடைய நிறுவனம்?” என்று கேட்டேன். ஆங்கிலம் நன்கறிந்த அவ்விளைஞர் சற்று நேரம் திகைத்து, பின்னர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அச்சொல் ‘ரெஸ்தொரான்’, உணவகம் என்பதே பொருள். மங்கோலியர் இன்று எழுதுவது சிரில்லிக் எழுத்து. அதில் ஆங்கிலப் ‘பி’ போன்ற வடிவம் ‘ர்’ ஆகும். ‘சி’ போன்றது ‘ஸ்’. ‘எச்’ போன்றது ‘ன்’. கண்ணுக்குத் தெரிந்த முகம், காதுக்குத் தெரியாத குரல். முற்றிலும் அறியாத எழுத்து மனிதனை அடக்கமாக இருக்கச் செய்யும்; பாதி அறிந்ததுபோல் தோன்றும் எழுத்தோ அவனை ஏமாற்றிவிடும்.

‘கைப்பேசி இருக்கின்றதே, படம் பிடித்தால் மொழிபெயர்த்துத் தருமே’ என்று இளைய ஆசிரியர்கள் கேட்பது என் செவியில் விழுகின்றது. இருவருக்குமாக வாங்கிய ஒரே தொலைபேசி அட்டை நண்பரின் கைப்பேசியில் கோபிக்குப் போய்விட்டது. விடுதிக்கு வெளியே என் கைப்பேசி கடிகாரமாகவும் கைவிளக்காகவும் மட்டுமே பயன்பட்டது. மற்றோர் அட்டை வாங்கியிருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்த தலைமையாசிரியனுக்கு இயல்பான பிடிவாதம் தடுத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெக்டோபாவின் உண்மை மாலையில்தான் தெரிந்தது. நண்பகலில் எனக்குப் பசி. பெரிய கண்ணாடிக் கதவுகளைக் கண்டு விலை அஞ்சி, பக்கத்துத் தெருவொன்றில் நுழைந்தேன். நான்கைந்து படிகள் கீழிறங்கும் சிறிய கடை. கதவைத் திறந்ததும் ஆட்டிறைச்சி வேகும் மணமும் நீராவியும் முகத்தில் அடித்தன. வண்டியோட்டிகள், கட்டடத் தொழிலாளர், முதியவர் என ஒரு பதின்மர் நீண்ட மேசைகளில் அமர்ந்து உண்டுகொண்டிருந்தனர். மங்கோலியாவில் இத்தகைய எளிய உணவுக்கடைக்குக் ‘குவான்ஸ்’ என்று பெயர். சீனச் சொல் வழியாக வந்தது. நம் ஒட்டுக்கடைக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். உட்கார்ந்ததும் எவரும் வந்து கேட்கமாட்டார்கள். முகப்பில் நின்று, மேலே தொங்கும் பலகையைப் படித்து, வேண்டியதைச் சொல்லி, பணத்தைச் செலுத்தவேண்டும். பிறகு உணவு வரும்.

பலகையில் பதினைந்து வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியின் முடிவிலும் விலை. எண்களைப் படிக்க முடிந்தது. வேறு எதையும் படிக்க முடியவில்லை. முகப்பில் நின்ற அம்மையார் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் பலகையை அண்ணாந்து பார்த்தேன். மீண்டும் கேட்டார். எனக்குப் பின்னால் மூவர், பிறகு ஐவர் வந்து நின்றனர். எவரும் ஒரு சொல்லும் கூறவில்லை. என்னை நெருக்கவும் இல்லை. எனினும் என் காதுகள் சூடேறின. ஒரு வரியைக் கைகாட்டிக் கேட்டிருக்கலாம். அது மாட்டிறைச்சியாக இருந்துவிட்டால்? எங்கள் வீட்டில் அதனை உண்ணும் வழக்கமில்லை. அம்மாவுக்குத் தந்த வாக்கு அது. அடுத்தவர் தட்டைக் காட்டிக் கேட்டிருக்கலாம். அதற்கும் நாணம். சட்டைப்பையில் கைவிட்டுப் பணத்தாள்களைப் பற்றிக்கொண்டிருந்தவன், அவற்றை வெளியே எடுக்காமலே திரும்பிப் படியேறி வெளியே வந்துவிட்டேன். தெருவில் புழுதிக்காற்று வீசிக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறருக்குப் படிக்கக் கற்பித்து வயிறு வளர்த்தவன், படிக்கத் தெரியாததால் வெறும் வயிற்றோடு நின்றேன்.

அப்பொழுதுதான் அந்தச் சிறுவன் என் நினைவுக்கு வந்தான்.

1993ஆம் ஆண்டு. பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து அதிக நாளாகாத காலம். பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றினேன். மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒருவனுக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. பெயரை எழுதப் போவதில்லை. நான் சோம்பல் என்று முடிவு கட்டினேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் சுவரில் விலைப்பலகை ஒன்றை என் கைப்பட எழுதி மாட்டியிருந்தேன். ‘நாசி லெமாக் 50 காசு, மீகூன் 50 காசு, தேநீர் 20 காசு’ என்று அழகிய எழுத்தில். வாழ்க்கையோடு இணைந்த வாசிப்புப் பயிற்சி என்று அதனைப் பற்றி மாவட்டக் கருத்தரங்கில் பேசியும் இருக்கிறேன். ஒருநாள் ஓய்வு நேரத்தில் அவன் வரிசையில் நின்றான். முறை வந்ததும் மீகூன் பாத்திரத்தைக் கைகாட்டினான். நான் குறுக்கே சென்று, “கையைக் காட்டாதே. பலகையைப் படி, படித்துவிட்டுப் பசியாறு” என்றேன். அவன் பலகையைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தனர். நான் அவர்களைத் தடுக்கவில்லை. ஐம்பது காசை உள்ளங்கையில் இறுக மூடிக்கொண்டு வரிசையைவிட்டு வெளியேறி, திடலோரம் போய் நின்றான். மணியடித்ததும் வகுப்புக்கு வந்து அமர்ந்தான். அவன் அழவில்லை. அதனால் எனக்கு அது மறந்துபோயிற்று. விடியற்காலை ஐந்து மணிக்கே தாய் பால்மரம் வெட்டச் சென்றுவிடும் வீட்டிலிருந்து அவன் என்ன உண்டுவிட்டு வந்திருப்பான் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவும் இல்லை.

அன்று மதியத்தைப் பட்டினியாகக் கழித்தேன். இரவு உணவு கொரிய நாட்டுச் ‘சி.யூ.’ கடையில். 2018இல் மங்கோலியாவுக்கு வந்த அக்கடைகள் இன்று தெருவுக்குத் தெரு காணப்படுகின்றன. கடற்பாசியில் சுற்றிய சோற்றுருண்டை ஒன்றை எடுத்து, வாய் திறவாமல் பணம் செலுத்தி, வாய் திறந்து உண்டேன். வழிப்பயணிக்கு அஃது எளிதான வழி. ஆனால் அவ்வுணவுக்காக ஒருவர் மங்கோலியா வரைக்கும் செல்லவேண்டியதில்லை.

அறைக்குத் திரும்பியதும் விடுதி இளைஞரை அணுகி எழுத்துகளை எழுதித் தருமாறு கேட்டேன். மங்கோலியச் சிரில்லிக்கில் முப்பத்தைந்து எழுத்துகள். உருசிய எழுத்தோடு தம் மொழிக்குத் தேவையான இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்துக்கொண்டனர். 1940களில்தான் இவ்வெழுத்து அங்கே நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் வழங்கியது மேலிருந்து கீழாக ஒழுகும் பழைய மங்கோலிய எழுத்து. பணத்தாள்களிலும் கோயில் வாயில்களிலும் அதனைக் கண்டேன்; மழைநீர் சுவரில் வழிந்த கோடுகள் போன்ற அழகு. 2025 முதல் அரசு ஆவணங்களில் இரண்டு எழுத்துகளும் இடம்பெறவேண்டும் என்று சட்டம் செய்துள்ளனர். ஜாவியும் ரூமியும் கண்ட நாட்டில் வாழும் நமக்கு இம்மாற்றங்களின் இழப்பும் ஆதாயமும் புதியனவல்ல.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஓயாமல் ஓதினார்கள். அவ்விரவு அதனை என்மீதே செயற்படுத்தினேன். பொருள் தெரிந்த சொற்களிலிருந்து எழுத்தைக் கற்பது: ரெஸ்தொரான், பாங்க், தாக்சி, கோஃபே. நான்கு சொற்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எழுத்துகள் அகப்பட்டன. மற்றவற்றைக் குறிப்பேட்டில் பத்துப் பத்து முறை எழுதினேன். உண்டிக்குரிய சொற்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். தேர்வுக்கு முன்னிரவு போலிருந்தது.

மறுநாள் அதே குவான்ஸுக்குச் சென்றேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம், மனம் ஒப்பவில்லை. பதினொரு மணி, கூட்டம் குறைவு. முகப்பின் ஓரத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். உலான்பாத்தாரில் பள்ளிக்கூடங்கள் போதாமையால் காலை, பிற்பகல் என்று பிரிவு பிரிவாக வகுப்புகள் நடக்கின்றன. அவள் பிற்பகல் பள்ளிக்குச் செல்பவளாக இருக்கவேண்டும். அம்மையார் முந்திய நாள் ஓடிப்போனவனை அடையாளம் கண்டுகொண்டு தலையசைத்தார். நான் பலகையின்முன் நின்று, முதல் வரியை எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். “ப்… ஊ… ஊ… ஸ்.” நான்கே எழுத்து. ‘பூஸ்!’

சிறுமி எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். பென்சிலை நீட்டி இரண்டாம் வரியின் முதலெழுத்தைக் காட்டினாள். நான் ‘க்’ என்றேன். அவள் தலையை ஆட்டி, தொண்டையிலிருந்து ‘ஹ்’ என்றாள். நானும் ‘ஹ்’ என்றேன். போதாது என்று மீண்டும் சொன்னாள். மூன்றாம் முறை சரியாக வந்ததும்தான் அடுத்த எழுத்துக்குப் பென்சிலை நகர்த்தினாள். ‘ஹூஷூர்’. அவள் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. பின்னால் இருவர் வந்து நின்றபோது நான் விலகப் பார்த்தேன், அவர்களோ பொறுத்திருந்தனர். ஒருவர் நான் தடுமாறிய எழுத்தை மெல்லச் சொல்லியும் கொடுத்தார். குறிப்பேட்டைப் பார்த்து, “ஹோனினீ மஹ்?” என்று கேட்டேன். ‘ஆட்டின் இறைச்சியா?’ என்பது பொருள். அம்மையார் ஆம் என்று தலையசைத்தார். எனக்கு ஐயம் தீரவில்லை என்று கண்ட சிறுமி, இரு விரல்களைக் காதோரம் கொம்பாக வைத்து ‘மே’ என்று கத்தினாள். கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பூஸ் என்பது கொத்திய இறைச்சியையும் வெங்காயத்தையும் மாவுத் தகட்டில் பொதிந்து நீராவியில் வேகவைப்பது. சீனரின் பாவ் என்னும் பலகாரமே பெயராலும் இதற்கு மூத்த உறவு. ஆனால் நம் ஊர்ப் பாவ்போல் மாவு உப்பியிராது, மெல்லியது, உள்ளே இறைச்சி வெந்து சுரந்த சாறு நிறைந்திருக்கும். அறியாதவன் முழுதாகக் கடித்தால் நாக்கு வெந்துபோகும். முதலில் ஓரத்தில் சிறிது கடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டுப் பிறகு உண்ணவேண்டும். அதனை எனக்கு எதிரே அமர்ந்திருந்த முதியவர் செய்து காட்டினார். சாகான் சார் என்னும் நிலவுப் புத்தாண்டுக்கு ஒவ்வோர் இல்லத்திலும் நூற்றுக்கணக்கில், சிலவிடத்து ஆயிரத்துக்கு மேலும் பூஸ் செய்து, வெளிக்குளிரிலேயே உறையவைத்துச் சேமிப்பார்களாம். இயற்கையே குளிர்ப்பெட்டி! ஹூஷூர் அதே பூரணத்தைத் தட்டையாக மடித்து எண்ணெயில் பொரிப்பது. சூலை மாதத்து நாதம் விழாவுக்குரியது. நம் கறிப்பாப்பை உண்டவர்க்கு அது விருந்தாளியாகத் தோன்றாது, உறவினராகவே தோன்றும். காரம் மட்டும் எதிலும் இல்லை. உப்பும் வெங்காயமும் அன்றி வேறு எதனையும் நம்பாத சமையல் அது. இரண்டாம் நாள் இரவிலேயே என் நாக்கு மிளகாயை நினைத்து ஏங்கியது என்பதை மறைக்கமாட்டேன்.

தமிழாசிரியர்களுக்கென ஒரு செய்தி. உணவோடு பெரிய கிண்ணத்தில் ‘சூத்தே சாய்’ வந்தது. பாலும் உப்பும் இட்ட தேநீர். சர்க்கரையை எதிர்பார்த்த வாய்க்கு முதல் மிடறு அதிர்ச்சி. மூன்றாம் மிடற்றில் அது கஞ்சியின் உறவு என்று புரிந்துவிடும். எனக்குச் சுவையைவிடப் பெயரே இனித்தது. ‘சூ’ என்றால் பால். ‘தே’ என்று ஒலிப்பது வேற்றுமை உருபு. நம் மூன்றாம் வேற்றுமையின் ‘ஒடு’ போன்று உடனிகழ்ச்சிப் பொருளைத் தருவது. ‘பாலொடு தேநீர்’ என்றே அவர்கள் சொல்கின்றனர். ‘குரில்தாய் ஷோல்’ என்றால் மாவொடு சாறு. மாவை நீளமாக நறுக்கியிட்ட இறைச்சிச் சாறு. ‘ஹோனினீ மஹ்’ ஆட்டின் இறைச்சி என்று ஆறாம் வேற்றுமை. ‘குய்’ என்னும் ஈறு இன்மையைக் காட்டும்: ‘மஹ்’ இறைச்சி, ‘மஹ்குய்’ ஊனில்லாதது. உருபு சொல்லின் பின்னே ஒட்டுகின்றது; வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கின்றது; முன்சென்ற சொல்லின் உயிரொலிக்கேற்ப அவ்வுருபு ‘தாய்’ என்றும் ‘தோய்’ என்றும் ‘தே’ என்றும் இசைந்து மாறுகின்றது. உணவுப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் இலக்கணம் படித்தேன். சாறு ஆறிப்போயிற்று.

இதனைக் கேட்டதும் ‘மங்கோலியரும் தமிழரும் ஓரினமே’ என்று மேடையேறி முழங்க எவரும் புறப்படவேண்டா. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைச் ‘சித்திய’ மொழிகளோடு உறவுபடுத்தினார். அவருடைய அத்தொகுப்பில் மங்கோலியமும் உண்டு. இன்றைய மொழிநூலார் அக்கருத்தை ஏற்பதில்லை. ஒட்டுநிலை என்பது அமைப்பின் ஒற்றுமையேயன்றிக் குருதியுறவுக்குச் சான்றாகாது. என்றாலும் தமிழறிந்தவன் அம்மொழியைக் கற்கும்போது, ஆங்கிலம் மட்டும் அறிந்தவன் தடுக்கிவிழும் இடங்களில் எளிதாக நடந்துசெல்கிறான் என்பதை என் சிற்றறிவு கண்டது. ‘சாய்’ என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று. சீனத்துச் ‘சா’ தரைவழியே வடக்கும் மேற்கும் சென்றது. ஹொக்கியன் மக்களின் ‘தே’ கடல்வழியே சென்றது. நம் கடைகளில் ‘தே தாரேக்’ என்று நாம் கேட்பது கடல்வழியின் சொல். உலான்பாத்தாரில் நான் கேட்டது தரைவழியின் சொல்.

மூன்றாம் நாள் துணிவு மிகுந்து பல இடங்களுக்குச் சென்றேன். பின்னே செல்வோர்க்கு உதவுமென்று சுருங்கச் சொல்கின்றேன். மங்கோலிய உணவை நாற்காலி மேசையோடும் ஆங்கிலப் பட்டியலோடும் உண்ண விரும்புவோர்க்கு ‘மாடர்ன் நோமட்ஸ்’ உணவகங்கள் ஏற்றவை, படங்களும் போட்டிருக்கிறார்கள். விரைந்து உண்போர்க்கு ‘ஹான் பூஸ்’ என்னும் கடைகள். ‘இஹ் தெல்கூர்’ எனப்படும் அரசுப் பேரங்காடியின் கீழ்த்தளத்தில் ரொட்டியும் பழமும் உலர்ந்த தயிர்க்கட்டியாகிய ஆரூலும் கிடைத்தன. ஆரூல் பல் வலுவுள்ளோர்க்கு உரியது, எனக்கன்று. கொரிய உணவகங்கள் மிகுதி. கொரியாவுக்கு வேலைக்குச் சென்று திரும்பியோர் பலர். வட இந்திய உணவும் தேடினால் கிடைக்கும், நான் தேடவில்லை. ஊன் உண்ணாதோர் ‘சாகான் ஹோல்’ என்று கேட்கவேண்டும். ‘வெள்ளுணவு’ என்பது சொற்பொருள். அவர்களுக்கென்றே நடக்கும் உணவகங்களும் சில உண்டு. குவான்ஸில் அவ்வாறு கேட்டால் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கிடைத்தாலே பேறு.

இத்தனை இறைச்சி ஏன் என்று கேட்கலாம். பயிர் வளரும் காலம் மிகக் குறுகியது; புல்வெளியோ எல்லையற்றது. மனிதன் உண்ண முடியாத புல்லை ஆடும் மாடும் குதிரையும் உண்டு பாலாகவும் ஊனாகவும் தருகின்றன. கோடையில் பாலுணவாகிய வெள்ளுணவு. குளிரில் ஊனாகிய செவ்வுணவு. அப்பொருளாதாரத்தின் கொடிய பக்கம் ‘ஸுட்’. கடுங்குளிரும் பனிக்கட்டியும் புல்லை மூடிவிட மந்தைகள் பட்டினியால் மடிவதற்கு அப்பெயர். நான் செல்வதற்கு முந்திய 2023-2024 குளிர்காலத்தில் மட்டும் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. மந்தை இழந்தவர் நகரத்தை நோக்கி வருகின்றனர். குன்றுச் சரிவுகளில் கூடாரமிட்டுத் தங்குகின்றனர். குவான்ஸ் அம்மையாரும் அவ்வாறு வந்தவரே என்று சிறுமியின் கைச்சைகையால் அறிந்தேன். பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே ஒரு குதிரையின் நிழற்படம் மாட்டியிருந்தது.

நான்காம் நாள் சூன் முதல் நாள். மங்கோலியாவில் அன்று தாய் சேய் விழா, பொது விடுமுறை. சுஹ்பாத்தார் சதுக்கம் முழுவதும் புத்தாடை அணிந்த குழந்தைகள். குவான்ஸ் திறந்திருக்குமோ என்ற ஐயத்தோடு சென்றேன். திறந்திருந்தது, கூட்டம் வாயில்வரை நின்றது. சிறுமி தலையில் பெரிய வெள்ளை நாடா கட்டியிருந்தாள். என் முறை வந்ததும் பலகையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படித்தேன். பதினைந்து வரிகளையும். அவள் இருமுறை திருத்தினாள். கடைசி வரியை முடித்தபோது முதியவர் ஒருவர் கைதட்டினார். நான் நிமிர்ந்து நின்று, “நோகோத்தோய் ஹூஷூர்” என்றேன். காய்கறியொடு பொரித்த ஹூஷூர். அம்மையார் வருத்தத்தோடு, “பைஹ்குய்” என்றார். ‘பை’ என்றால் இரு, ‘குய்’ இன்மை. இல்லை! அச்சொல்லும் எனக்குப் புரிந்தது. பூஸையே வாங்கி உண்டேன். பணத்தை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. விழா நாள் என்பதுபோல் சிறுமியைக் காட்டினார். குறிப்பேட்டில் அவள் பெயரைத் தமிழில் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். அவள் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் மேல் என்று நான் காட்டவேண்டியிருந்தது.

திரும்பும் வானூர்தியில் நண்பர் கோபியின் மணற்குன்றுகளைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தார். என் மனம் தைப்பிங்கில் இருந்தது.

2011ஆம் ஆண்டு, தைப்பிங் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஓர் ஒட்டுக்கடையில் காலையில் தோசை உண்டுகொண்டிருந்தேன். சுமையுந்து ஓட்டுநர் ஒருவர் வந்து, “சார், பசியாறிட்டீங்களா?” என்று கைகூப்பினார். அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னார், பள்ளியைச் சொன்னார். இரண்டு பிள்ளைகள் என்றும், மூத்தவள் நன்றாகப் படிக்கிறாள் என்றும் கூறினார். சிற்றுண்டிச்சாலை நிகழ்ச்சி அப்போதும் என் நினைவுக்கு வரவில்லை. ‘நல்ல மாணவன், நன்றி மறவாதவன்’ என்று மகிழ்ந்தேன். நான் எழுவதற்குள் என் தோசைக்கும் தேநீருக்கும் அவரே பணம் செலுத்திவிட்டார். எதிரிலேயே அமர்ந்தார். கடைச்சுவரில் தமிழில் எழுதிய விலைப்பலகை, அவர் கண்ணுக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கடைக்காரரின் பக்கம் திரும்பி, “என்ன இருக்கு, அண்ணே?” என்று கேட்டார்.